காராம்பசுவுக்கு எத்தனை மார்க்?

"ஒரு நிமிஷம் டைம். உங்களுக்குத் தெரிஞ்ச விலங்குகளோட பேரை எவ்வளவு முடியுமோ சொல்லுங்க" என்று சொல்லி ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு 34 வயது. எட்டாவதோடு படிப்பு நின்றது. மனச்சிதைவு நோய் வந்து 11 வருடம் ஆகிறது.

"பசு, காளை, எருது, கிடாரி, கன்னுக்குட்டி" என்று ஆரம்பித்தார். மூச்சு விட்டு, "காரி, செவலை, மயிலை" என்றார். அடுத்து "காராம்பசு". அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்தார், இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா என்பதுபோல. எருமை, வெள்ளாடு, செம்மறி, கிடா, குட்டி. நேரம் முடியப்போகும்போது அவசரமாக நாய், கோழி.

16 சொற்கள். இதை எண்ணும் விதி ஆய்வுக்கு ஆய்வு மாறும். இந்த மருந்து ஆய்வுக்காக எங்களுக்குக் கொடுத்திருந்த விதித்தாளில் ஒரே விலங்கின் ஆண், பெண், குட்டி, நிறம் எல்லாம் சேர்த்து ஒன்றுதான். அப்படி எண்ணினால் மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி, நாய், கோழி. ஆக 6.

"பாஸா மேடம்?" என்று கேட்டார்.

(அவர் ஒரே ஆள் இல்லை. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக இரண்டு மூன்று பேரை ஒருவராக்கி எழுதுகிறேன். மாடுகளை மட்டும் மாற்றவில்லை.)

மனச்சிதைவு என்றதும் காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், இவைதான் நம் நினைவுக்கு வரும். அவற்றுக்கு மருந்து இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு ஓரளவாவது கேட்கிறது. குரல் அடங்கிய பிறகும் அடங்காத ஒன்று உண்டு. கடைக்கு அனுப்பினால் மூன்று சாமானில் ஒன்று மறந்துபோகும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் பின்தொடர முடியாது. வேலைக்குச் சேர்ந்தால் பத்து நாளில் "உனக்குச் சொன்னா புரியவே மாட்டேங்குது" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டார் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். நாங்கள் அறிதிறன் குறைபாடு என்கிறோம். நோயில்லாதவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஒரு திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி ஆட்களின் மார்க் எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) கீழே, சில திறன்களில் அதற்கும் கீழே என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒருவர் திரும்ப வேலைக்குப் போவாரா, தனியாகச் சமாளிப்பாரா என்பது குரல்களைவிட இதோடுதான் அதிகம் ஒட்டிப் போகிறது என்று மைக்கேல் கிரீன் 1996இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது.

அளக்கும் ஆசை அதற்கும் பழையது. இந்த நோயைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டிய ஜெர்மன் மனநல மருத்துவர் க்ரெபெலின், லைப்சிக்கில் உளவியலாளர் வுண்ட்டின் ஆய்வகத்தில் பயின்றவர். நோயாளிகளை வரிசை வரிசையாகக் கூட்டல் கணக்குப் போட வைத்து வேகத்தைக் குறித்தவர். அதற்குப் பின் நூறு வருடத்தில் ஆளுக்கொரு சோதனை முளைத்தது. ஒரு மருந்து கம்பெனி "எங்கள் மாத்திரை ஞாபகத்தைக் கூட்டுகிறது" என்றால், எந்தச் சோதனையில் என்று கேட்க வேண்டிய நிலை.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் இதற்கு ஒரு முடிவு கட்டப் பார்த்தது. மேட்ரிக்ஸ் என்று பேர். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மார்டர், மைக்கேல் கிரீன், கீத் நுக்டர்லைன் போன்றவர்கள் நடத்தினார்கள். 90க்கும் மேற்பட்ட சோதனைகள் களத்துக்கு வந்தன. கழித்துக் கழித்து 20 ஆக்கி, 5 மையங்களில் 176 நோயாளிகளுக்குக் கொடுத்து, 4 வாரம் கழித்து அதே ஆட்களுக்கு மறுபடி கொடுத்தார்கள். கடைசியில் நின்றவை 10. ஏழு திறன்கள், சுமார் ஒரு மணி நேரம். 2008இல் முடிவுகள் வெளியாயின. நான் அழுத்திய ஸ்டாப்வாட்ச், விலங்கின் பேர், எல்லாம் அந்தப் பத்தில் ஒன்றுக்கானவை.

அவர்கள் பார்த்த ஐந்து விஷயங்கள் எனக்குப் பிடிக்கும். இன்றைக்கும் நாளைக்கும் ஒரே ஆளுக்கு ஒரே மாதிரி விடை வருகிறதா? திரும்பத் திரும்பக் கொடுத்தால் பழக்கத்தாலேயே மார்க் ஏறிவிடுகிறதா? அன்றாட வாழ்க்கையோடு இதற்குச் சம்பந்தம் உண்டா? மருந்தால் மாறக்கூடிய ஒன்றை இது தொடுகிறதா? உட்கார்ந்து செய்யும் ஆளுக்கு இது தாங்குமா? "நோயாளியையும் நோயில்லாதவரையும் பிரித்துக் காட்டுகிறதா" என்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிரிப்பது மிகச் சுலபம். ராத்திரி தூங்காதவரை, தூங்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரை, உங்கள் மேல் நம்பிக்கை இல்லாதவரை, எந்தக் கஷ்டமான சோதனையும் பிரித்துவிடும். பிரித்துவிட்டது என்பதாலேயே அது ஞாபக சக்தியை அளந்தது என்று ஆகிவிடாது.

இதை 1973லேயே உளவியலாளர்களான சாப்மன் தம்பதியர் சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கும் ஒருவருக்கு, கூர்மையான சோதனையில் குறை பெரிதாகத் தெரியும், மழுங்கிய சோதனையில் தெரியாது. விறகுக் கடைத் தராசில் வளையலை வைத்தால் முள் அசையாது. நகைக் கடைத் தராசு மில்லிகிராம் வரை சொல்லும். இரண்டிலும் இரண்டு பொருளை நிறுத்துவிட்டு, நகைக் கடையில் நிறுத்ததுதான் அதிகம் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டினால், அது பொருளைப் பற்றிய சேதி இல்லை, தராசைப் பற்றிய சேதி. ஐம்பது வருடம் ஆகியும் இந்தத் தவறோடு கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

தமிழ்ப் பாடப் புத்தகங்களில் இதற்கெல்லாம் நம்பகம் (திரும்ப அளந்தாலும் அதே விடை வருவது), ஏற்புடைமை (அளக்க நினைத்ததையே அளப்பது) என்று சொல்கள் உண்டு. இரண்டாவதற்கு எனக்கு "செல்லுபடி"தான் பிடிக்கிறது. ஓர் ஊரில் செல்லும் காசு இன்னோர் ஊரில் செல்லாமல் போகலாம் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் செல்லும் காசு எங்கள் ஊருக்கு வந்ததும் என்ன ஆகிறது என்பதைத்தான் இத்தனை வருடமாக மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்வோம், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எண் எல்லா மொழிக்கும் பொது, மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை, செவனைத் தவிர எல்லாம் ஒரே அசை. நம்முடைய ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு எல்லாம் இரண்டசை, ஒம்பது மூன்று. மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ள அதிக நேரம் எடுக்கும் சொல், நினைவில் குறைவாகவே நிற்கும். 1980இல் வேல்ஸ் நாட்டில் இதைக் காட்டினார்கள். வெல்ஷ் மொழி எண்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிட நேரம் கூடுதல், அதனால் அதே ஆட்களுக்கு வெல்ஷில் எண் நினைவு குறைவாக வந்தது. மூளையில் ஒன்றுமில்லை, நாக்கில்தான் விஷயம்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல். எட்டாவது படித்தவர்கூட போன் நம்பரை "நைன் எய்ட் ஃபோர்" என்றுதான் சொல்கிறார். நான் தமிழில் எண்களைச் சொன்னால், சிலர் உள்ளே ஆங்கிலத்துக்கு மாற்றி, வைத்திருந்து, மறுபடி தமிழாக்கித் தருகிறார்கள். அவரிடம் நான் அளப்பது எதை?

எழுத்து வந்தால் இன்னும் மோசம். எண்ணும் எழுத்தும் கலந்து சொல்வோம், எண்களை ஏறுவரிசையிலும் எழுத்துகளை அகரவரிசையிலும் அடுக்கித் தர வேண்டும். ஏ, பி, சி வரிசை ஆங்கிலம் பேசுகிறவருக்குச் சிறுவயதிலேயே உடம்பில் ஏறிவிடுகிறது. நீங்கள் யோசிக்காமல் சொல்லுங்கள், ழ முதலில் வருமா, ள முதலில் வருமா? "ய ர ல வ" என்று ஆரம்பத்திலிருந்து ஒப்பித்துப் பார்த்தீர்கள் அல்லவா? ஏறக்குறைய எல்லாரும் அப்படித்தான். ஒப்பிக்கிற நேரத்தில் கையில் வைத்திருந்த எண் நழுவிவிடும். அதைச் செயல்நினைவுக் குறைபாடு என்று எழுதினால் அகராதி புரட்டாத நாட்டில் முக்கால்வாசிப் பேருக்குக் குறைபாடுதான்.

குறியீடுகளைப் பார்த்து வேகமாக எண் எழுதும் சோதனை ஒன்று இருக்கிறது. மனவேகத்துக்கு மிக நல்ல அளவுகோல் என்று பேர் வாங்கியது. இருபது வருடமாகப் பேனா பிடிக்காத கையிடம் அதைக் கொடுத்தால் கை வேகம் வரும், மனவேகம் வராது. அதே கை மாத்திரையால் நடுங்கலாம். நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில் நடுக்கத்தைக் குறைக்கும், நினைவாற்றலையும் மந்தப்படுத்தும். நோய், மருந்து, மருந்துக்கு மருந்து, பள்ளிக்கூடம் போகாதது, காலையில் டீ குடிக்காமல் வந்தது, எல்லாம் ஒரே எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, இதற்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லையா? செய்திருக்கிறார்கள். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2004இல் கொண்டுவந்த நரம்புளவியல் சோதனைத் தொகுப்பில் வயது, பால் மட்டுமில்லாமல் படிப்பையும் வைத்து, எழுதப் படிக்கத் தெரியாதவர், பள்ளிப் படிப்பு, கல்லூரிப் படிப்பு என்று தனித்தனி ஒப்பீட்டு அளவுகள் உண்டு. பெரிய வேலை அது. என்னைப் போன்றவர்கள் தினமும் நன்றி சொல்ல வேண்டியது. ஆனால் ஒப்பீட்டு அளவு சரியாக இருப்பது ஒன்று, சோதனை தான் சொல்லிக்கொள்ளும் திறனைத்தான் அளக்கிறதா என்பது வேறொன்று. பக்கத்து வீட்டுக்காரரோடு நியாயமாக ஒப்பிட்டுவிட்டோம். எதை ஒப்பிட்டோம் என்பது அப்படியே நிற்கிறது.

இனி வாழ்க்கைக்கு வருகிறேன். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஒரு நல்ல காரியம் செய்தது. மாத்திரையால் சோதனை மார்க் ஏறினால் மட்டும் போதாது, வாழ்க்கைக்கு உதவுகிறது என்பதையும் இன்னோர் அளவால் காட்ட வேண்டும் என்றது. அதற்காகப் பலரும் எடுத்துக்கொண்டது சான் டியேகோவில் 2001இல் உருவான அப்சா என்ற சோதனை. நடிப்பு மாதிரி இருக்கும். சில்லறை எண்ணு, கட்டண பில்லைப் படி, போன் செய்து டாக்டர் அப்பாயின்ட்மென்டை மாற்று, பஸ் அட்டவணை பார், வெளியே ஓர் இடத்துக்குப் போகத் திட்டமிடு, சமையலுக்கு என்ன வாங்க வேண்டும் என்று பார்.

எங்கள் ஊரில் பஸ் அட்டவணையை யார் பார்க்கிறார்கள்? பஸ் ஸ்டாண்டில் நின்று "அண்ணே, திருமங்கலம் போகுமா?" என்று கேட்கத் தெரிந்தால் முடிந்தது. அப்படிக் கேட்கும் தைரியம்தான் இந்த நோய் முதலில் பறிப்பது. அதை அளக்க அந்தச் சோதனையில் இடமில்லை. சமையல் சாமான் பட்டியலை நம் மாட்டுக்காரரிடம் நீட்டினால் சிரிப்பார். நோய் வராத அவருடைய அண்ணனும் அடுப்படிப் பக்கம் போனதில்லை.

அவருடைய அம்மாவிடம் கேட்டேன். "பணம் காசெல்லாம் அவரே பாத்துக்குவாரா?"

"இல்லம்மா. எல்லாம் எங்கிட்டதான்."

படிவத்தில் 'இல்லை' என்று குறித்தேன். பிறகு தற்செயலாகத்தான் தெரிந்தது, தினமும் இரண்டு வேளை பால் சொசைட்டிக்குப் போவது அவர்தான். எந்த மாடு காலையில் எத்தனை லிட்டர், நேற்று கொழுப்பு எவ்வளவு காட்டினான், போன வாரம் எந்த நாளில் பாஸ்புக்கில் தப்பாக எழுதிவிட்டான் என்று வரிசையாகச் சொன்னார். கேட்கிறவள் கை வலிக்கும் அளவுக்கு எழுதினேன். பன்னிரண்டு சொற்களை மூன்று முறை படித்துக்காட்டினால் நாலுக்கு மேல் தாண்டாத அதே ஆள்.

(அந்தப் பன்னிரண்டு சொல் எவை என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். சோதனையின் சொற்கள் வெளியே வந்துவிட்டால் சோதனை செத்துவிடும்.)

இதை வைத்து, சோதனை பொய், அவருக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்படி எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது. அதே மனிதர் புதிதாக ஒரு வேலைக்குப் போய் நாலு நாள் தாக்குப்பிடிக்கவில்லை. பழகிய தடத்தில் போகும் நினைவு வேறு, புதிதாகக் கேட்டதைப் பிடித்து வைக்கும் நினைவு வேறு. சோதனை இரண்டாவதைத்தான் தொட்டது, சரியாகவே தொட்டது. குழப்பம் நாங்கள் வாழ்க்கை என்று எதை வைத்துச் சரிபார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. அங்கே தனி வீடு, சம்பள வேலை. இங்கே கல்யாணத்தைக் குடும்பம் செய்துவைக்கிறது, வேலையை மாமா கடையில் கொடுக்கிறார்கள். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் முதன்முறை நோய் கண்ட 90 பேரை எடுத்துப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. வேலையையும் திருமணத்தையும் அதில் தனியாகவே ஆராய்ந்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம், இந்த வரியில் தெரிவது நோயாளியின் திறமையா, அவர் அம்மாவின் திறமையா என்று யோசிப்பேன். சோதனை மார்க்கும் வாழ்க்கை மார்க்கும் லேசாகத்தான் ஒட்டுகின்றன என்று கட்டுரைகளில் வரும். இரண்டில் எது கோணல் என்று அந்த ஒரு எண் சொல்லாது.

வாழ்க்கையோடு நன்றாக ஒட்டுவது ஞாபகத்தைவிடச் சமூக அறிதிறன்தான் என்று 2011இல் 52 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை சொன்னது. அடுத்தவர் முகம், குரல், மனக்குறிப்பு இவற்றைப் புரிந்துகொள்வது. நியாயம்தானே, பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஆனால் மேட்ரிக்ஸின் பத்துச் சோதனையில் கடல் தாண்டினால் முதலில் மூழ்குவதும் இதுதான். ஒரு சூழ்நிலையைச் சொல்லி, இப்படி நடந்துகொண்டால் எவ்வளவு பயன் தரும் என்று கேட்பார்கள். சரியான விடை எது? ஒப்பீட்டுக்கு எடுத்த கூட்டத்தில் பெரும்பாலோர் சொன்னதுதான் சரி. கூட்டம் எந்த ஊர்க் கூட்டம் என்று கேட்டால் பதில் தெரியும்.

நானே ஒன்று கற்பனை செய்து சொல்கிறேன். மாமியார் எல்லார் எதிரிலும் மருமகளைக் கடிந்து பேசிவிட்டார். மருமகள் என்ன செய்தால் அவள் மனசு ஆறும்? நேரே போய், நீங்கள் பேசியது எனக்கு வருத்தம் என்று சொல்வதா? அந்த நேரத்துக்குப் பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் நாத்தனாரிடம் போனில் கொட்டுவதா? இரண்டாவதுதான் எங்கள் தெருவில் கெட்டிக்காரத்தனம். முதலாவதைச் செய்கிறவளுக்குத்தான் சமூக அறிவு குறைவு என்பார்கள். வெளியூர் விடைத்தாளில் இது தலைகீழாகும், மொழிபெயர்ப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். தமிழாக்கி, மறுபடி ஆங்கிலமாக்கி, சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது என்று சான்றிதழ் வாங்கலாம். சொல் திரும்பி வரும், மாமியார் திரும்பி வர மாட்டார்.

அதனால்தான் நிம்ஹான்ஸ்காரர்கள் இந்தியச் சூழலுக்கென்று சமூக அறிதிறன் சோதனைகளைத் தழுவி, 2011இல் அதன் செல்லுபடியைப் பரிசோதித்து வெளியிட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாக்ராடிஸ் என்று பேர் வைத்தார்கள். கதைகளை நம் ஆட்களுக்குப் புரிகிற கதைகளாக்கி, நோயாளிகளிடமும் மற்றவர்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட வேலைக்குக் கைதட்டல் வராது. புது மருந்து கண்டுபிடித்தால் செய்தி வரும், கதையில் பேர் மாற்றி சோதித்தால் யார் எழுதுவார்கள்?

குடும்பத்தாரோடு எனக்கு வரும் சண்டை வேறு மாதிரி. ஒரு நோயாளியின் தங்கை ரிப்போர்ட்டுகளை எடுத்து வந்தார். "மேடம், ஜனவரியில 31, இப்ப 38. இம்ப்ரூவ் ஆகுதுல்ல?" இந்த மார்க்குகளில் சராசரி 50, திட்ட விலக்கம் 10. சோதனையின் நம்பகம் 0.8 என்று வைத்துக்கொண்டால் (நல்ல சோதனைதான் அது), ஒரே ஆள் எதுவும் மாறாமலேயே இரண்டு தடவை உட்கார்ந்தால் 12 மார்க் வரை இப்படியும் அப்படியும் ஆடலாம். 7 மார்க் அந்த ஆட்டத்துக்குள் அடங்கிவிடும். போதாததற்குப் பழக்கம் வேறு. முதல் முறை நோய் கண்டவர்களுக்குப் புது மருந்துகள் கொடுத்து அறிதிறன் ஏறியதைக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. மருந்தே சாப்பிடாத, நோயில்லாதவர்களுக்கும் அதே சோதனையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது அவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது என்று 2007இல் காட்டினார்கள். நூறு பேரின் சராசரிக்குச் செல்லுபடியாகும் எண், ஒரு தங்கையின் கையில் செல்லாமல் போகிறது. இதை அவரிடம் எப்படிச் சொன்னேன்? "நல்ல அறிகுறிதாம்மா, இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். கோழைத்தனம்தான்.

2025 ஜனவரியில், மனச்சிதைவில் அறிதிறனைக் கூட்டும் என்று எதிர்பார்த்த ஐக்ளிபெர்டின் என்ற மருந்தின் மூன்று பெரிய மருந்து ஆய்வுகளும் தோற்றன என்று செய்தி வந்தது. பல நாடுகளில், 26 வாரம், மேட்ரிக்ஸ் தொகுப்பின் மொத்த மார்க்கை முதன்மை அளவாக வைத்து நடத்தியவை. வெற்று மாத்திரைக்கும் மருந்துக்கும் வித்தியாசமில்லை. மருந்துதான் வேலை செய்யவில்லை என்கிறார்கள் சிலர், அளவுகோலில் கோளாறு என்கிறார்கள் சிலர். அளவுகோலின் மேல் இத்தனை குறை சொல்லிவிட்டு நான் சொல்வது விசித்திரமாக இருக்கும். மருந்து தோற்றதும் தராசைத் திட்டுவது எனக்குச் சம்மதமில்லை. ஜெயித்திருந்தால் யாரும் காராம்பசுவைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு "பாஸா மேடம்?" என்றவரிடம், இதில் பாஸ் ஃபெயில் இல்லை என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. சோதனைத்தாளில் மார்க் கட்டத்துக்குள் விதிப்படி 6 என்று எழுதினேன். மனசு கேட்கவில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில், '16, மாட்டு இனப் பெயர்கள், ஆய்வாளர் கவனத்துக்கு' என்று சேர்த்துவிட்டேன்.

அடுத்த மாதம் தாள்களைச் சரிபார்க்க வந்தவர் அதன்மேல் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார். விதித்தாளில் இல்லாத குறிப்பு, நீக்கவும். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆளுக்கு ஆள் ஓரத்தில் எழுத ஆரம்பித்தால் நூறு மையத்துத் தாள்களை எப்படிச் சேர்ப்பது? மருந்து ஆய்வுத் தாளில் அழிரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். அடித்தது என்ன என்று பிறகு யார் எடுத்துப் பார்த்தாலும் படிக்கத் தெரிய வேண்டும் என்பது விதி. ஸ்கேலை வைத்து, மெலிசாக, விதிப்படி அடித்தேன்.